முப்பது சதவீதம் போட்டுவிட்டார்கள், யாரிடம் முறையிடுவது?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 54. கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். சர்க்கரை நோயால் மூன்று வருடத்துக்கு முன்பு இடது காலில் ஐந்து விரல்களையும் எடுத்துவிட்டார்கள், அந்த ஆபரேஷன் நடந்தது புதுச்சேரியில். போன வருடம் வலது காலில் முன்பாதமே போய்விட்டது. ஊனச் சான்றுக்குப் போனால் 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து உதவித்தொகைக்கு மனுப் போட, 40 சதவீதம் இல்லை என்று தள்ளுபடி. "அந்த டாக்டர் மேல் கலெக்டரிடம் புகார் கொடுக்கலாமா, சார்? மனு எழுதி வைத்திருக்கிறேன்" என்கிறார்.

கொடுக்கலாம் தம்பி. ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் மனுவைக் கொடுக்காதீர்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார், வெளியில் இருந்தவர் மரியாதையில்லாமல் பேசினார், வீட்டில் வருமானம் இல்லை, தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அந்த மனு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பதிவாகும், மருத்துவமனைக்குப் போகும். அங்கிருந்து "மனுதாரர் உரிய மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டு விதிகளின்படி சான்று வழங்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி திரும்பி வரும். மனு முடித்துவைக்கப்படும். உங்கள் கைபேசிக்கும் செய்தி வந்துவிடும். யாரும் பொய் சொன்னதாகாது. நீங்கள் கேட்டது டாக்டரின் நடத்தையை, அவர்கள் பதில் சொன்னதும் அதற்குத்தான். 30 என்ற எண் அப்படியே கிடக்கும்.

நான் போலியோ கால்காரன். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக என்னைப் போன்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். தோற்றுப்போன மனுக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். கோபம் நியாயமாக இருக்கும், ஆனால் எங்கே தப்பு நடந்தது என்பது மனுவில் இருக்காது.

உங்கள் கேள்வியில் ஒரு வரி போகிற போக்கில் வந்திருக்கிறது. "வலது காலில் கட்டு இருந்ததால் அதை மட்டும் அவிழ்த்துப் பார்த்தார், இடது காலில் எம்.சி.ஆர். செருப்பு போட்டிருந்தார், அதைக் கழற்றச் சொல்லவே இல்லை." (எம்.சி.ஆர். என்பது சர்க்கரை நோயாளிகள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு.) உங்கள் வழக்கே இந்த வரிதான் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். ஊனச் சதவீதம் டாக்டரின் மனசுக்குத் தோன்றுகிற எண் அல்ல. மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் 2018 ஜனவரியில் வந்தது, 2024 மார்ச்சில் திருத்தியும் வெளியிட்டார்கள். கால் எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது என்பதற்கேற்ப மதிப்பு உண்டு. கால்விரல்கள் ஐந்தும் போயிருந்தால் 20, முன்பாதம் வரை போயிருந்தால் 30, நடுப்பாதம் வரை என்றால் 40, முழங்காலுக்குக் கீழே மேல்பகுதியில் எடுத்திருந்தால் 70. அப்பாவின் வலது காலுக்கு 30 போட்டது சரியான எண்தான். அந்த டாக்டர் தப்பாக எதுவும் எழுதவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறார். இடது காலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இடது காலையும் சேர்த்தால் என்ன ஆகும்? 30-ம் 20-ம் 50 என்று நேராகக் கூட்ட மாட்டார்கள். இதற்கென்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். 90-லிருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். அப்பாவுக்குப் போட்டுப் பாருங்கள். 90-லிருந்து 30 போனால் 60. அறுபதை இருபதால் பெருக்கினால் 1200. தொண்ணூறால் வகுத்தால் 13 சொச்சம். முப்பதோடு சேர்த்தால் 43. இரண்டு கால்களிலும் துண்டிப்பு இருந்தால் அதற்கென்று மேலும் கொஞ்சம் சேர்க்கவும், மூட்டு விறைப்பு, ஆறாத புண் போன்ற சிக்கல்களுக்குச் சேர்க்கவும் அந்த வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டாலும் 43. நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு செருப்பைக் கழற்றாமல் போனதுதான் 30-க்கும் 43-க்கும் நடுவில் நிற்கிறது.

இந்தச் சூத்திரம் சில பேருக்குப் பாதகமாகவும் போகும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு 30-ம் 12-ம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கூட்டினால் 42. சூத்திரப்படி 38 தான். "கூட்டத் தெரியாத டாக்டர்" என்று புகார் எழுதி வந்த ஒருவருக்கு நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். டீ கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

சரி, இப்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண் ஒன்று, நடத்தை ஒன்று, பணம் ஒன்று. மூன்றுக்கும் மூன்று கதவு. ஒரே மனுவில் மூன்றையும் போட்டால் எதற்குப் பதில் சொல்லச் சுலபமோ அதற்கு மட்டும் பதில் வரும்.

எண்ணிலிருந்து தொடங்குவோம். இதற்குப் பெயர் புகார் இல்லை, மேல்முறையீடு. 2016 சட்டத்தின் 59-வது பிரிவு. சான்று கொடுக்கும் அதிகாரியின் முடிவில் குறை உள்ள எவரும், மாநில அரசு நியமிக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்கிறது. காலக்கெடுவையும் முறையையும் மாநில விதிகளுக்கு விட்டிருக்கிறது. நான் எல்லோருக்கும் சொல்வது, சான்று கையில் கிடைத்த முப்பது நாளுக்குள் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தக் காரணத்தாலேயே தள்ளிவிடுவார்கள். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது, அதனால் இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை, சான்றிதழை வெளிச்சத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். சிரிக்காதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். எனக்கு வலது கால் போலியோ. புதுச் சான்று வாங்கினபோது சதவீதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு மனுப் போட்டு நேர்காணலுக்குப் போனால், அங்கே இருந்தவர் என் காலைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார், திரும்பவும் காலைப் பார்க்கிறார். "சார், பேப்பர்ல இடது கால்னு இருக்கே?" அந்த ஒரு வார்த்தையைத் திருத்த எனக்கு எட்டு மாதம் ஆனது. ஸ்கூட்டர் அந்த வருடம் வேறு யாருக்கோ போனது.

ஆகவே பார்க்க வேண்டியது, எந்த உறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள், நோயின் பெயர் என்ன, தற்காலிகமா நிரந்தரமா, எந்தத் தேதி. அப்பாவின் சான்றில் இரண்டு கால் என்று இருக்கிறதா, வலது கால் மட்டும் இருக்கிறதா? வலது கால் மட்டும் என்று இருந்தால் உங்கள் வாதத்தை அவர்கள் தாளே சொல்லிவிடும். இப்போதெல்லாம் சான்று யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளம் வழியாகத்தான் வருகிறது, அதனால் பதிவு எண்ணைப் போட்டு நகல் எடுத்துக்கொள்ளலாம். அட்டையின் நிறத்தையும் பாருங்கள். 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். அப்பாவுக்கு வெள்ளை வந்திருக்கும். கிழித்துப் போடாதீர்கள், அதுவும் செல்லுபடியாகிற அட்டைதான்.

அடுத்தது இடது காலின் ஆதாரம். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் பீரோவுக்கு மேல், எக்ஸ்ரே கவருக்குள் இருக்கும். இல்லையென்றால் புற நோயாளிச் சீட்டு எண்ணோடு அங்கே போய் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தன் பதிவேட்டைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையே சொல்கிறது. அப்புறம் இரண்டு பாதங்களுக்கும் புதிதாக ஒரு எக்ஸ்ரே. எலும்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எக்ஸ்ரேவோடு யாரும் வாதாட முடியாது. வலது காலிலும் முன்பாதமா நடுப்பாதமா என்பதை அதில் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்று எழுதியிருக்கும், உண்மையில் வெட்டு ஓர் அங்குலம் மேலே இருக்கும். 30-க்கும் 40-க்கும் அந்த ஓர் அங்குலம்தான் வித்தியாசம்.

மூன்றாவதாக, மதிப்பீட்டுத் தாள். டாக்டர் சான்று கொடுக்கும் முன்பு எதை அளந்தார், என்ன குறித்தார் என்பதன் நகல். நேரில் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அப்பா பெயரில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவு செய்த விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்). முப்பது நாளில் பதில் வர வேண்டும். இது வரட்டும் என்று மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் போகட்டும்.

மேல்முறையீட்டு மனுவை நீளமாக எழுத வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பெறுநர்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 59-இன்படியான மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள். வழி: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், கடலூர்.

பொருள்: ஊனச் சதவீத மதிப்பீட்டில் இடது கால் விடுபட்டது, மறுபரிசோதனை கோருதல்.

ஐயா, எனக்கு இன்ன தேதியில் வழங்கப்பட்ட இன்ன எண் சான்றில் வலது முன்பாத நீக்கத்துக்கு மட்டும் 30 சதவீதம் குறிக்கப்பட்டுள்ளது. என் இடது காலின் ஐந்து விரல்களும் இன்ன தேதியில் அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டுள்ளன. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, புகைப்பட நகல்களை இணைத்துள்ளேன். பரிசோதனையின்போது இடது கால் காலணியுடன் இருந்தது, பார்க்கப்படவில்லை. இரண்டு கால்களையும் பரிசோதித்து, மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி இணைத்துக் கணக்கிட்ட சதவீதத்துக்குச் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். கீழே அப்பாவின் கையெழுத்து அல்லது கைரேகை. நீங்கள் மகன் என்று கையெழுத்துப் போட்டால் "பாதிக்கப்பட்டவர் மனுச் செய்யவில்லை" என்று ஒரு வேலையில்லாத ஆள் குறிப்பெழுதுவார். தங்கை கல்யாணம் இதில் வர வேண்டாம். வறுமை உதவித்தொகை மனுவுக்கு வேண்டும், சதவீதத்துக்கு வேண்டாம். கஷ்டப்படுகிறவருக்குக் கூடுதலாக ஒரு விரல் போயிருக்கிறது என்று எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

"43 சதவீதம் தருமாறு" என்று எண்ணைக் கேட்காதீர்கள். எண் போடுவது அவர்கள் வேலை. அளவெடுக்கச் சொல்வதுதான் உங்கள் உரிமை. எண்ணைக் கேட்கிற மனு, பார்க்கிறவருக்கு "இவர் நாற்பதுக்காக வந்தவர்" என்று தோன்ற வைக்கும்.

இந்த மனுவை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நல அலுவலகத்தில் நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒன்றைத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். ஆட்சியர் சதவீதத்தை மாற்ற மாட்டார், அவருக்கு அது வேலையும் இல்லை. ஆனால் அங்கே கணினியில் ஏற்றி ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்த எண் இருந்தால் மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று பின்னால் போய்க் கேட்க முடியும். முதல்வரின் முகவரி 1100-க்குக் கூப்பிட்டுப் பதிந்தாலும் இதே மாதிரி எண் கிடைக்கும்.

மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டால் இரண்டு செருப்பையும் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொள்ளட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் "ஐயா, இந்தக் காலும் இருக்கு" என்று நீட்டட்டும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு டாக்டர் முன்னால் காலை நீட்டக் கூச்சம், மரியாதைக் குறைவு என்று மடக்கிக்கொண்டு உட்காருவார்கள். மதிப்பீட்டில் பாதித் தப்பு இந்த மரியாதையில்தான் நடக்கிறது. இன்னொன்று, "நடக்க முடியுதா?" என்று கேட்டால் "ஏதோ நடக்கிறேங்க" என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு தூரம், எதைப் பிடித்துக்கொண்டு, படி ஏற முடியுமா, புண் எத்தனை முறை திறந்துகொண்டது என்று விவரமாகச் சொல்லப் பழக்குங்கள். மனநலப் பிரச்சினைக்கு மதிப்பீடு செய்யும் இடத்தில் இது இன்னும் மோசம். தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பில் மதிப்பெண் போடுவார்கள். அன்றைக்குப் பார்த்துக் குளித்து, தலை சீவி, புதுச்சட்டை போட்டுக் கூட்டிப்போவார் அம்மா. பையன் அரைமணி நேரம் ஒழுங்காகப் பேசுவான். எண் விழுந்துவிடும். வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கூட இருப்பவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்காகக் கூடுதலாக நொண்டிக் காட்டவும் வேண்டாம். பொய்யாகச் சலுகை பெற்றால் 2016 சட்டத்தின் 91-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. தவிர, டாக்டர்கள் தினம் அம்பது பேரைப் பார்க்கிறவர்கள். நடிப்பு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அப்புறம் உண்மையான ஊனத்தையும் சந்தேகத்தோடுதான் அளப்பார்கள். மறுபரிசோதனையில் எண் குறையவும் வாய்ப்பு உண்டு என்பதை ஞாபகத்தில் வையுங்கள். அப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை, போன விரல் முளைக்காது.

கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இத்தனை வருட சர்க்கரைக்குக் கண் நரம்பு போயிருந்தால் ஆச்சரியமில்லை. ஒரு கண் சுத்தமாகத் தெரியாமல் மறு கண் நன்றாக இருந்தால் கண்ணுக்கு மட்டும் 30 வரும். தனியாக அதுவும் நாற்பதைத் தொடாது. ஒற்றைக் கண்ணோடு இருப்பவர்கள் பலர் இந்த முப்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எலும்பு டாக்டர் கண்ணைப் பார்க்க மாட்டார், நீங்கள் சொன்னால்தான் அந்தப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்.

மனுக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் சென்னைக்கு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகம், காமராஜர் சாலை, சென்னை 5. உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க அவருக்கு அதே சட்டத்தின் 80-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆட்களை வரவழைக்க, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்ல, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரமும் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அந்த அலுவலகம் தெரிவிக்க வேண்டும். அதுவும் ஆகவில்லை என்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். இது பலருக்குத் தெரியாது, "வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்பது கடைசிப் படி. அப்பாவின் விஷயத்தில் அதுவரை போகாது என்பது என் கணிப்பு, காகிதம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

நடத்தை பற்றி. வெளியில் இருந்தவர் என்ன வார்த்தை சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. மரியாதைக் குறைவு என்றால் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றும் இருக்கட்டும். பொது இடத்தில் ஊனத்தைச் சொல்லி வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அது 92-வது பிரிவில் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை தண்டனை உள்ளது. எடுத்ததற்கெல்லாம் அதை வீச வேண்டாம். பணம் கேட்டிருந்தால் கதை வேறு. லஞ்ச ஒழிப்புத் துறைக்குத்தான் போக வேண்டும், கொடுப்பதற்கு முன்னால் போக வேண்டும். "நாற்பது போட்டுத் தர ஆள் இருக்கு" என்று டீக்கடையில் சொல்கிற புரோக்கரிடம் மட்டும் போய்விடாதீர்கள். அப்பாவுக்கு நியாயமாகவே வர வேண்டிய எண்ணுக்கு எதற்கு ஐயாயிரம்?

பாண்டிச்சேரியில் சொந்தக்காரர் முகவரியைப் போட்டு அங்கே சான்று வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கடலூர்க்காரர்களுக்கு இந்த யோசனை தானாகவே வரும், அரைமணி பஸ் தூரம். வேண்டாம். சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும், உண்மைதான். ஆனால் முகவரி பொய் என்றால் சான்றும் போகும், உதவித்தொகை கொடுப்பது வேறு அரசாங்கம் என்பதால் ரேஷன் கார்டோடு ஒத்துப்போகாது.

இனி பணம். 2023 ஜனவரியிலிருந்து வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய், 40 சதவீதம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். அது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுத்திறன் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத்தண்டு காயம் போன்ற பிரிவுகளுக்கு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு அலைகிறார்கள். அப்பாவுக்கு முதலாவதுதான் பொருந்தும். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் தள்ளுபடி செய்ததை எதிர்த்து இப்போது சண்டை போடாதீர்கள். கையில் 30 என்ற சான்று இருக்கும்போது அவர் செய்தது சரிதான். எண் மாறியதும் புதுச் சான்றோடு புது மனுப் போடுங்கள். அப்போதும் வருமானம், வயது வந்த மகன் இருக்கிறான் என்று ஏதாவது காரணம் சொல்லித் தள்ளினால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அந்தச் சண்டையில்தான் தங்கை கல்யாணமும், வீட்டுக் கஷ்டமும், கரும்பு லோடு நின்றுபோனதும் வர வேண்டும். அங்கே விரிவாகவே எழுதுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாளைக்கே, அப்படி நடக்க வேண்டாம், வலது காலில் இன்னும் மேலே எடுக்க வேண்டி வந்தால், அது மேல்முறையீடு ஆகாது. நிலைமை மாறிவிட்டது என்று புதிதாக மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய மதிப்பீடு தப்பு என்றால் மேல்முறையீடு, உடம்பு மாறினால் மறுவிண்ணப்பம். "முன்பு கொடுத்தது தப்பு, இப்போது மோசமாகிவிட்டது" என்று இரண்டையும் ஒரே மனுவில் எழுதி வந்த ஒருவருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

நாற்பது இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 40 எல்லாக் கதவுக்கும் பூட்டு இல்லை. 2021-ல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்பு உள்ளவருக்குத் தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்கு மருத்துவக் குழு போட்ட எண் ஆறு சதவீதம். உதவித்தொகைக்கு நாற்பது வேண்டும், ஆனால் படிப்பு, தேர்வு போன்ற விஷயங்களில் வெள்ளை அட்டையைப் பார்த்தவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள்.

தம்பி, திங்கள்கிழமை கடலூர் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் வீட்டில் பகல் வெளிச்சத்தில் அப்பாவின் இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்துக் கலர் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் ஒன்றும் தெரியாது. அப்பாவையும் கூட்டி வாருங்கள், கைரேகை வேண்டியிருக்கும். காலையில் சீக்கிரம் வந்துவிட்டால் வரிசை குறைவாக இருக்கும், அவரை வெயிலில் நிற்க வைக்க வேண்டாம்.